அதிர்ஷ்ட எண்ணும் அஸ்லாமும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

ஆண்டு வரவு செலவுக் கணக்கு சற்று முன்னர் இந்த அவையில் வாசிக்கப்பட்டது. நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளும் கணக்கோடு தொடர்புடையதே. ஆனால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறாத கணக்கு. "இன்றைக்கு எந்த எண் விழும்?" என்று நம் மஹல்லாவில் சிலர் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியைப் பற்றியது.

தமிழகத்தில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. பேருந்து நிலையங்களில் வரிசையாக இருந்த சீட்டுக் கடைகள் மறைந்தன. "இந்தத் தொல்லை ஒழிந்தது" என்று நாமும் நிம்மதி கொண்டோம். அண்டை மாநிலமான கேரளத்திலோ 1967-ஆம் ஆண்டு அரசே லாட்டரித் துறையை ஏற்படுத்தி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்தியது. இன்று அங்கு நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்குக் குலுக்கல் நடைபெறுகிறது. அங்கு அறிவிக்கப்படும் பரிசு எண்ணின் இறுதி இலக்கங்களை வைத்துக்கொண்டு, இங்கு நம் ஊர்களில் திருட்டுத்தனமாக ஓர் ஆட்டம் நடக்கிறது. அதற்கு "மூணு நம்பர்" என்று பெயர். அச்சிட்ட சீட்டும் கிடையாது. சட்டப் பாதுகாப்பும் கிடையாது. ஒரு துண்டுத் தாளில் எழுதிய மூன்று எண்கள், அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு வரி, அவ்வளவே. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் விழுப்புரத்தில் இந்த ஆட்டத்தில் பொருளிழந்து கடனில் மூழ்கிய ஒரு தொழிலாளியின் குடும்பம், சின்னஞ்சிறு குழந்தைகளோடு மாண்டுபோன செய்தியை நாம் அனைவரும் படித்தோம். அது நடந்த பின்னரும் ஆட்டம் நின்றபாடில்லை.

எண் தேடும் நாள்

சூதாட்டம் ஹராம் என்பதை இந்த அவையில் அறியாதார் எவருமிலர். ஆகவே அதை மட்டும் சொல்லிவிட்டு அமர்வது நம் நோக்கமன்று. எண்ணைத் தேர்ந்தெடுக்கும் அந்தச் செயல் ஒரு முஸ்லிமின் உள்ளத்தை என்ன செய்கிறது என்பதைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

பணம் கட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். எண் தேடுவதற்கோ நாள் முழுவதும் வேண்டும். காலையில் கண்ட கனவு எண்ணாகிறது. எதிரே வந்த வண்டியின் பதிவெண் எண்ணாகிறது. மின்கட்டண அட்டையும், பால் கணக்கும், பிறந்த குழந்தையின் எடையும் எண்ணாகின்றன. மய்யித்தின் வயதும், ஜனாஸா புறப்பட்ட நேரமும்கூட எண்ணாகிவிடுகின்றன. மரணத்தைக் கண்டு மறுமையை நினைக்க வேண்டிய உள்ளம், அங்கே நின்று மூன்று இலக்கங்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது. இதனினும் பெரிய நஷ்டம் எது?

இதற்கும் மேலான வேதனை ஒன்றுண்டு. நம்மவர்களில் சிலர் 786 என்று எழுதிக் கொடுக்கிறார்கள். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய அப்ஜத் மதிப்புகளின் கூட்டுத்தொகையாக வழங்கிவரும் எண் அது. பத்ருப் போரில் பங்குகொண்ட ஸஹாபாக்களின் தொகையாகிய 313-ஐ எழுதுவோர் உண்டு; குர்ஆனின் அத்தியாயத் தொகையாகிய 114-ஐ எழுதுவோரும் உண்டு. பிள்ளைகளின் பெயர்களை அப்ஜத் முறையில் கூட்டி எண் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அப்ஜத் என்பது அரபு எழுத்துகளுக்கு எண் மதிப்பளிக்கும் பழைய முறை. நம் முன்னோர் அதைக்கொண்டு பள்ளிவாசல் கட்டிய ஆண்டையும் பெரியோர்கள் மறைந்த ஆண்டையும் கல்வெட்டுகளில் குறித்து வைத்தார்கள். ஆண்டைக் குறிக்கப் பயன்பட்ட முறை, இன்று சூதாட்டத்திற்குக் குறி சொல்லும் கருவியாகியிருக்கிறது. 786 என்று எழுதும் கை, இறைவனின் திருநாமத்தை நினைவூட்டும் எண்ணை அவன் தடுத்த காரியத்திற்கே முதலீடாக வைக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

கஅபாவுக்குள் இருந்த அம்புகள்

இது புதிய நோயன்று. அல்-மாயிதா அத்தியாயத்தின் 90-ஆம் வசனத்தில் அல்லாஹ் தஆலா மது, சூது, சிலைகள், அஸ்லாம் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்து, ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்று விலக்கியிருக்கிறான். அஸ்லாம் என்றால் குறி பார்க்கும் அம்புகள். அறியாமைக் காலத்து அரபுகள் பயணம், திருமணம் போன்றவற்றை முடிவு செய்ய மூன்று அம்புகளை வைத்திருந்தார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். ஒன்றில் 'செய்' என்ற பொருளும், மற்றொன்றில் 'செய்யாதே' என்ற பொருளும் இருக்கும். மூன்றாவது வெற்று அம்பு. வெற்று அம்பு வந்தால் மீண்டும் குலுக்கி எடுப்பார்கள். இன்று எண் விழாதவர் நாளைக்கு மறுபடியும் எண் தேடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது நபி (ஸல்) அவர்கள் கஅபாவுக்கு வந்தபோது, அதனுள்ளிருந்து வெளியேற்றப்பட்டவற்றில் இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகியோரின் உருவங்களும் இருந்தன. அவ்வுருவங்களின் கைகளில் அந்த அம்புகள் கொடுக்கப்பட்டிருந்தன. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அவ்விரு நபிமார்களும் ஒருபோதும் அம்பெறிந்து குறி பார்த்தவர்களல்லர் என்பதைக் கடுமையாக எடுத்துரைத்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

இதிலுள்ள படிப்பினையை நாம் உற்றுநோக்க வேண்டும். மக்காவாசிகள் இப்ராஹீம் நபியை மறுத்தவர்களல்லர், அவர்களை மதித்தவர்களே. மதித்த காரணத்தாலேயே தங்கள் குறியாட்டத்திற்கு அந்தப் புனிதரின் கையைக் கடன் வாங்கினார்கள். 786-ஐ எழுதிக் கொடுப்பவரும் பிஸ்மில்லாஹ்வை மதிப்பவரே. ஆனால் அந்த மதிப்பு, அம்பை இப்ராஹீம் நபியின் கையில் வைத்த மதிப்பு. புனிதத்தைச் சூதின் பக்கம் சேர்ப்பதால் சூது புனிதமடைவதில்லை; புனிதம்தான் அவமதிக்கப்படுகிறது.

ஆயிரத்தில் ஒன்று

இனி வெறும் கணக்காகவே பார்ப்போம். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள் உள்ளன. எந்த எண்ணை எழுதினாலும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான். 786-க்கும் அதே ஒன்று. குருட்டாம்போக்கில் எழுதிய எண்ணுக்கும் அதே ஒன்று. நாள் தவறாமல் ஓராண்டு முழுவதும் ஒருவர் எழுதினால், 100 பேரில் ஏறத்தாழ 69 பேருக்கு ஒருமுறைகூட விழாது. ஆயிரம் நாள்கள் எழுதினாலும் 100-க்கு 37 பேர் வெறுங்கையுடனேயே நிற்பார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் என்றால் ஓராண்டில் போவது 36,500 ரூபாய்.

"விழுந்தால் அத்தனையும் திரும்பிவிடுமே" என்பர். ஆயிரம் பேர் ஆயிரம் வெவ்வேறு எண்களுக்குப் பத்து ரூபாய் வீதம் கட்டினால் சேர்வது 10,000 ரூபாய், வெல்பவர் ஒருவர். அவருக்கு அந்த 10,000-ஐயும் கொடுத்துவிட்டால் நடத்துபவருக்கு என்ன மிஞ்சும்? எனவே குறைத்தே கொடுப்பார். நாள் ஆக ஆக, ஆடுவோர் அனைவரின் பணமும் ஒரு பக்கமாகவே ஓடும்.

அப்படியானால் ஏன் விட முடிவதில்லை? அதற்கும் கணக்கிலேயே விடை உண்டு. மூன்று இலக்கங்களில் இரண்டு மட்டும் அதனதன் இடத்தில் பொருந்தி, ஒன்று மட்டும் தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் 27. அதாவது சராசரியாக 37 நாள்களுக்கு ஒருமுறை எவருக்கும், "ஐயோ, ஒரே எண்ணில் போயிற்றே!" என்று தோன்றும். அவர் அதைத் தம் கணிப்புத் திறமை என்றும், அதிர்ஷ்டம் அருகில் வந்துவிட்டது என்றும் கருதுகிறார். உண்மையில் எல்லோருக்கும் நேர்கின்ற சாதாரண நிகழ்வே அது.

பழைய முடிவுகளை எழுதி வைத்து, "பதினைந்து நாளாக ஏழு வரவில்லை, இன்று வந்தே தீரும்" என்பாரும் உளர். ஒரே இலக்கத்தில் எந்தப் பதினைந்து நாள்களை எடுத்துப் பார்த்தாலும், பத்து எண்களில் சராசரியாக இரண்டு எண்கள் வராமலேதான் இருக்கும். நேற்று எது வந்தது என்பது இன்றைய குலுக்கலுக்குத் தெரியாது. இனி, "கெஸ்ஸிங்" என்ற பெயரில் எண் விற்பவர்களின் தந்திரம் மிக எளிது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் எண்களைத் தனித்தனியே அனுப்பினால், ஒருவருக்கு நிச்சயம் விழும். அந்த ஒருவர் ஊரெல்லாம் புகழ்வார். மற்ற 999 பேரும் வெட்கத்தால் வாய் திறக்க மாட்டார்கள். மறைவானதை அறிந்ததாகக் கூறுபவரிடம் சென்று கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அவ்விரவுகளின் விலையைப் பணத்தால் அளக்க இயலுமா?

இரண்டு ஐயங்கள்

"கேரள அரசே நடத்துகிறது, அதன் வருவாயில் ஏழைகளுக்கு வைத்தியம் நடக்கிறது" என்று சிலர் வாதிடுகின்றனர். அங்கு 2011-ஆம் ஆண்டு காருண்யா என்ற பெயரில் ஒரு லாட்டரி தொடங்கப்பட்டு, அதன் வருவாய் ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டது உண்மையே. நம் ஊரில் துண்டுத் தாளில் எழுதிக் கட்டும் பணம் அந்த நிதிக்குப் போவதில்லை என்பது ஒருபுறமிருக்கட்டும். அறியாமைக் கால அரபுகளின் மைஸிர் என்னும் சூதாட்டமே அவ்வகையைச் சேர்ந்ததுதான். ஒட்டகத்தை அறுத்துப் பத்து அம்புகளைக் குலுக்குவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு, மூன்றுக்கு இல்லை. பங்கற்ற அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களோ இறைச்சியைத் தாங்கள் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வார்கள். ஏழைகளின் வயிற்றை நிரப்பிய அந்தச் சூதைத்தான் இஸ்லாம் தடுத்தது. அல்-பகரா 219-ஆம் வசனம் அதில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை மறுக்கவில்லை. அதன் பாவம் பயனைவிடப் பெரிது என்பதையே உணர்த்துகிறது.

"ஹஜ் கமிட்டியும் குறா போட்டுத்தானே பயணிகளைத் தேர்ந்தெடுக்கிறது?" என்பது மற்றொரு கேள்வி. நபி (ஸல்) அவர்களும் பயணத்தில் தம்முடன் வரும் மனைவியைத் தேர்வு செய்யச் சீட்டுக் குலுக்கியிருக்கிறார்கள். சம உரிமையுள்ள பலரில் ஒருவரை மனத்தாங்கலின்றித் தேர்வதற்கான வழி அது. குறாவில் பெயர் வராதவரின் பணம் வென்றவரின் பைக்குள் போவதில்லை. லாட்டரியிலோ, தோற்றவரின் பணமே வென்றவரின் பரிசு. இரண்டும் குலுக்கலே, ஒன்று நீதி, மற்றொன்று பறிப்பு.

நம் கடமை

இந்த அவையில் நான்கு வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, பள்ளிவாசல் வளாகத்திலும் தர்கா வாசலிலும் எவரேனும் எண் கேட்டாலோ சொன்னாலோ, அதை விளையாட்டாகவும் அனுமதிக்கலாகாது. "வா, சூதாடுவோம்" என்று நண்பரிடம் வாயால் சொன்னவரே அதற்குப் பரிகாரமாகத் தர்மம் செய்ய வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கும்போது, எண் சொல்வது எத்தகையது?

இரண்டாவது, பரிசுப் பணத்திலிருந்து பள்ளிவாசல் சந்தாவோ கட்டட நிதியோ பெறலாகாது. அத்தகைய பொருளை உரியவரிடம் திருப்பித் தர இயலாவிட்டால், நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துத் தம் பொறுப்பிலிருந்து நீங்க வேண்டும் என்பதே மார்க்க அறிஞர்களின் வழிகாட்டுதல். பரிசு விழுந்தவர் பள்ளிக்கு விளக்கு வாங்கித் தந்தால், அந்த வெளிச்சத்தில் நம் பிள்ளைகள் எதைக் கற்பார்கள்?

மூன்றாவது, எண் எழுதுபவர்கள் அனைவரும் பேராசைக்காரர்களல்லர். பலர் கடனாளிகள். மகளின் திருமணக் கடனும், மருத்துவச் செலவும், நாள் வட்டியும் கழுத்தை நெரிக்கும்போது, ஆயிரத்தில் ஒரு வாய்ப்பும் கதவாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் பைத்துல்மாலின் கதவு திறந்திருக்க வேண்டும். எத்தனையோ வீண் ஆடம்பரங்களுக்குச் செலவிடும் நாம், வட்டியில்லாக் கடனுக்கென ஒரு தொகையை நிலையாக ஒதுக்கினால் பல வீடுகள் தப்பும். கடனைச் சொல்லி வருபவரின் மானத்தைக் காப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பே.

நான்காவது, பெற்றோர்களுக்கு. குலுக்கல் பிற்பகல் மூன்று மணிக்கு. லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட அந்நேரத்தில் உங்கள் பிள்ளையின் கண் கைபேசியை விட்டு அகலாதிருந்தால், விசாரித்துப் பாருங்கள். சூது பகைமையை மூட்டும், இறைநினைவையும் தொழுகையையும் தடுக்கும் என்று அல்-மாயிதா 91-ஆம் வசனம் உணர்த்துவது நம் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கலாம்.

தக்வா உடையவருக்கு எண்ணிப்பாராத வழியில் ரிஸ்க் வரும் என்ற வாக்குறுதி அத்-தலாக் அத்தியாயத்தில் உள்ளது. அந்த வாக்குறுதி தக்வாவுக்கு உரியது. துண்டுத் தாளுக்கு உரியதன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம். உழைப்பைக் கட்டிவைத்துவிட்டு, பலனை அவனிடம் ஒப்படைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலாக்குவாயாக. எங்கள் கடன்களை அடைத்துத் தருவாயாக. உன் திருநாமத்தை நாவில் ஏந்தும் எங்களை, அதன் கண்ணியத்தைக் காப்பவர்களாக ஆக்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாம்.