பொட்டலத்தில் எவ்வளவு காப்பி?

(குடகுக் காப்பித் தோட்ட லைனில், மாலை வகுப்பில் பேசியது)



இன்றைக்குக் காப்பி விலையைப் பற்றிப் பேசுவோம். காப்பிச் செடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பழம் பறிக்கிற கைகள் உங்களுடையவை. ஆனால் அந்தப் பழம் பொடியாகித் திரும்பி வரும்போது என்ன விலை சொல்கிறார்கள்? ஏன் அந்த விலை?

முதலில் எடையைப் பாருங்கள். சுமார் 5, 6 கிலோ பழத்தைப் பறித்து, உலர்த்தி, தோல் நீக்கினால்தான் 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். அதை வறுத்தால் இன்னும் எடை குறையும். 1 கிலோ கொட்டை 850 கிராம் அளவுக்கு வந்துவிடும். விலையில் ஒரு பங்கு இங்கேயே ஏறிவிடுகிறது.

அடுத்தது, கொட்டையின் விலை. இதை நம் ஊர்ச் சந்தை முடிவு செய்வதில்லை. நம் நாட்டுக் காப்பியில் பெரும் பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. அதனால் அராபிகா விலையை நியூயார்க் சந்தையும், ரொபஸ்டா விலையை லண்டன் சந்தையும் ஆட்டி வைக்கின்றன. உலகத்திலேயே அதிகம் காப்பி விளைவது பிரேசில் நாட்டில். 2021 ஜூலையில் அங்கே உறைபனி விழுந்தது. செடிகள் கருகின. விலை ஏறியது. 2024இல் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி. 2025 பிப்ரவரியில் அராபிகா விலை அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. எங்கோ மழை பொய்த்தால் நம் கடையில் பொடி விலை ஏறுகிறது!

விலை இறங்கினால்? பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2001, 2002 வாக்கில் கொட்டை விலை அடிமட்டத்துக்குப் போனது. தோட்டக்காரர்கள் தவித்தார்கள். ஆனால் கடையில் பொடி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஏன்? பொட்டலத்தின் விலையில் கொட்டை ஒரு பங்குதான். வறுக்கிற கூலி, உறை, லாரி வாடகை, விளம்பரம், கடைக்காரர் லாபம் எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. காலையில் காப்பி குடித்துப் பழகியவர் விலை ஏறினாலும் அதை விடமாட்டார். இது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

விடமாட்டோம், சரி. அப்போது என்ன செய்கிறோம்? சிறிய பொட்டலம் வாங்குகிறோம். அல்லது விலை குறைந்த பொடிக்கு மாறுகிறோம். இந்த இரண்டு இடத்திலும்தான் எழுத்தைப் படிக்க வேண்டும்.

விலை குறைந்த பொடியில் சிக்கரி அதிகம் இருக்கும். சிக்கரி என்பது ஒரு செடியின் வேர். குஜராத்தில் நிறைய விளைகிறது. வேரை வறுத்து அரைத்துக் கலக்கிறார்கள். இது கலப்படம் இல்லை, சட்டம் அனுமதித்தது. டிகாக்‌ஷன் கெட்டியாக, கறுப்பாக இறங்கும். அந்தச் சுவையை விரும்பிக் குடிப்பவர்களும் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் பொடியில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தில் அச்சிட வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு பொட்டலம். இரண்டும் 100 கிராம். முதல் பொட்டலம் 57 ரூபாய். அதில் காப்பி 60 சதவீதம். அதாவது 60 கிராம். இரண்டாவது 72 ரூபாய். அதில் காப்பி 80 கிராம். எது மலிவு? 57 ரூபாய்தானே என்று கை போகும். 57 ரூபாயை 60ஆல் வகுங்கள். ஒரு கிராம் காப்பிக்கு 95 காசு. 72 ரூபாயை 80ஆல் வகுங்கள். 90 காசு. மலிவு என்று எடுத்த பொட்டலத்தில் காப்பிக்கு நாம் அதிகம் கொடுக்கிறோம். சிக்கரிக்கு விலையே போடாமல் சொல்கிறேன். அதற்கும் விலை உண்டு, ஆனால் குறைவு.

இனி 5 ரூபாய்ப் பொட்டலம். விலை ஏறும்போது கம்பெனி இதில் 5 என்ற எண்ணை மாற்றாது. உள்ளே எடையைக் குறைத்துவிடும். 4 கிராம் இருந்த இடத்தில் 3 கிராம். உறை அதே நிறம், அதே படம். எடையைப் படிப்பவருக்குத்தான் தெரியும்.

சிறு பொட்டலம் வாங்குவது தவறு என்று சிலர் நமக்குப் புத்தி சொல்வார்கள். வாரக்கூலி வாங்குகிற வீட்டில் செவ்வாய்க்கிழமை கையில் 10 ரூபாய் இருந்தால் 10 ரூபாய்க்குத்தான் வாங்க முடியும். சில சமயம் பெரிய டப்பாவைவிடச் சிறு பொட்டலமே மலிவாக விழுவதும் உண்டு. இரண்டையும் எடை பார்த்து வகுத்தால்தான் எது என்று சொல்ல முடியும்.

வீட்டிலிருந்து காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். எடுங்கள். முதலில் எடையைத் தேடுங்கள், பிறகு விலை. சதவீதம் சின்ன எழுத்தில் இருக்கும். விளக்குக்குக் கிட்டே வாருங்கள்.