தாயின் பேனா



1990களில் அயர்லாந்தின் டப்ளின் நகரிலே ஹெரோயின் இளைஞர்களைப் பலிகொண்டது. அதனை விற்றுச் செல்வரானோரைத் துருவி எழுதினார், 'சண்டே இன்டிபென்டன்ட்' பத்திரிகையாளர் வெரோனிகா கெரின். அவர் ஒரு மகனுக்குத் தாய். 1995 ஜனவரியில் வீட்டிலேயே காலிற் சுடப்பட்டார், எழுத்தை நிறுத்தவில்லை. 1996 ஜூன் 26இல், வீதிச் சமிக்ஞை விளக்கருகே நின்ற காரினுள் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுக்கு அப்போது வயது ஆறு.

'ஒரு தாய்க்கு இது தேவைதானா?' என்று கேட்போர் உளர். தந்தையானால் எவரும் கேளார். ஹெரோயினுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் தாய்மாரே. அவர்களுக்காகப் பேசியதும் ஒரு தாயின் பேனாவே. குற்றத்தால் ஈட்டிய சொத்தைப் பறிக்கும் சட்டத்தை அயர்லாந்து அவ்வாண்டே இயற்றியது. பயன் பிறர் பிள்ளைகளுக்கு. இழப்பு அவர் பிள்ளைக்கு. அதனை நாம் மறக்கலாகாது.