தலைக்காயம் ஆறியாச்சு, வேலை என்னாகும்?

துறைமுக லாரிகள் ஓயாமல் ஓடும் திருநெல்வேலி ரோட்டுல இருக்கு நம்ம தூத்துக்குடி புதுக்கோட்டை. விபத்துன்னா 108-க்குக் கூப்பிட உங்களுக்குத் தெரியும். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டமும் தெரியும். நான் பேச வந்தது அதற்கு அப்புறம் நடப்பதை.

தலையில் அடிபட்டவர் வீடு திரும்புகிறார். தையல் ஆறிடுச்சு, நல்லாப் பேசுறார். ஆனால் மத்தியானத்துக்குள் சோர்ந்துவிடுகிறார். சொன்னது மறந்துபோகிறது. சட்டென்று கோபம் வருகிறது. இது சோம்பலோ திமிரோ இல்லை. மூளையில் பட்ட காயத்தின் மிச்சம்.

இந்த நேரத்தில் மனசு உடைந்து ராஜினாமா எழுதிக் கொடுத்துடாதீங்க. நீங்கள் அரசு ஊழியரா? பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4)-ன்படி உங்களை நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால், அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும்.

தனியார் வேலையில் இருக்கும்போது அடிபட்டதா? இஎஸ்ஐ இருந்தால் அங்கே விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் சட்டப்படி, விபத்து நடந்து 2 ஆண்டுக்குள் இழப்பீடு கேளுங்கள்.

திரும்பப் போகும்போது, முதலில் அரைநாள் வேலை, நடுவில் ஓய்வு என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். செய்ய வேண்டியதை நோட்டில் குறித்து வையுங்கள். லாரி ஓட்டுவதும் உயரத்தில் ஏறுவதும் டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான்.

ஊனச் சான்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100. கேட்பது சலுகை இல்லீங்க, உங்க உரிமை.