எருவும் திராட்சையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த சொற்பொழிவு)



உழவர் பெருமக்கள் நிறைந்த சபையில் உழவைப் பற்றிப் பேசத் தமிழ்ப் பண்டிதன் ஒருவனை நிறுத்தியது நம் காரியதரிசியவர்களின் துணிவேயாகும். பிழை காணின் பொறுத்தருள்க.

உழுதலினும் எருவிடுதல் நன்றென்றார் திருவள்ளுவர். அதற்கு முந்திய குறளிலோ, ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாவென்றார். இது முரணன்று. மண்ணுக்குத் தன் வலிமையொன்று உண்டு. அதனை எழுப்புதல் முதற்கடன், ஊட்டுதல் அடுத்தது என்பதே என் கருத்து. நாமோ எழுப்புதலை மறந்து ஊட்டுதலை மட்டுமே மேற்கொண்டோம், அதுவும் மூட்டையுப்பினால்.

1895 ஆம் ஆண்டில் பெரியாற்று நீர் மலை கடந்து வந்தபின் நம் பள்ளத்தாக்கு செழித்தது. இன்று 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகின்றது. நம் பன்னீர்த் திராட்சை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயின் அத்திராட்சைப் பந்தலின் கீழ் நடப்பதை நீவிர் என்னினும் நன்கு அறிவீர். மழையும் பனியும் கூடினால் அடிச்சாம்பல் நோய் பற்றும்; உடனே மருந்துக் கைத்தெளிப்பானை முதுகிலேற்றுகின்றோம். திராட்சை தோலுடன் உண்ணப்படுவது. வாழையைப்போல் உரித்தெறிய இயலாது. தெளிப்பவனோ அன்று முழுதும் அக்காற்றையே மூச்சாக இழுக்கின்றான். பிரெஞ்சு தேசத்தார் 1880களில் கண்ட மயில்துத்த சுண்ணாம்புக் கலவையை இயற்கை உழவரும் அளவுடன் ஆளுகின்றனர். அதிலுள்ள செம்பும் மண்ணிலே தங்குவதுதான். ஆகவே "இயற்கை" என்னும் பெயரொன்றே குற்றம் நீக்கிவிடாது.

இனி எருவுக்கு வருவோம். மாட்டுப் பொங்கலன்று தம்பிரான் மாட்டுத் தொழுவிற் கூடி வணங்குகின்றோம். மறுநாள் நம் வீட்டுத் தொழுவம் வெறிதாயிருக்கின்றது. மலைமாட்டு மந்தைகளை அறுவடை வயலிற் கிடையமர்த்தி எருப்பெற்ற வழக்கம் குன்றிவிட்டது. 2021 இல் மேகமலை புலிகள் காப்பகத்தினுட் சேர்ந்தது. 2022 இல் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சலை உயர்நீதிமன்றம் தடுத்தது. புலி வாழவேண்டுவது உண்மையே. காடின்றி நம் ஆற்றுக்கும் நீரில்லை. எனினும் மாட்டுக்கு மேய்ச்சற்றரை எங்கே என்று கேளாமல் இயற்கையுழவைப் பேசுவது வீண். அதுவரை கைக்கெட்டுவது பசுந்தாளுரம். போகத்திற்கும் போகத்திற்கும் இடையே தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்குந் தருணத்தில் மடக்கி உழுதால் காற்றிலுள்ள தழைச்சத்தே வயலுக்கு வந்து சேரும்.

ஒரே நாளில் மாறிவிடுவோம் என்பாரை யான் அஞ்சுகின்றேன். இலங்கை அரசு 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஓர் ஆணையால் தடுத்தது. நெல் விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே ஆணை விலக்கப்பட்டது. பட்டினி உழவனுக்கும் வந்தது, உண்பவனுக்கும் வந்தது.

கொடிப்பயிர் இயற்கை விளைபொருளெனச் சான்று பெற மூன்றாண்டு செல்லும். அதுகாறும் விளைச்சல் குறையும், விலையோ உயராது. இழப்பைத் தாங்குவார் யார்? ஓரேக்கர் உடையவனைத் தனியே தாங்கச் சொல்லுதல் அறமாகாது. நம்மவரிற் பலர் இன்று மதுரையிலும் சென்னையிலும் உத்தியோகத்தில் இருக்கின்றனர். வாரந்தோறும் பழமும் அரிசியும் வாங்குகின்றனர். அவர்கள் மூன்றாண்டுக்கு உடன்பட்ட விலையில் வாங்குவதாகக் கையொப்பமிடட்டும். உழவர் தத்தம் நிலத்திற் காற்பங்கை மட்டும் அதற்கு ஒதுக்கட்டும். வாயிலில் காரியதரிசியவர்கள் இரண்டு குறிப்பேடுகள் வைத்திருக்கின்றார்கள்; ஒன்று விளைவிப்போர்க்கு, மற்றொன்று வாங்குவோர்க்கு. இரண்டாவது ஏட்டில் முதற்பெயர் என்னுடையது.