வாக்கும் வரைபடமும்

 

உள்ளாட்சித் தேர்தல் நிருவாகத்தில் நில வரைபடக் கணினி நுட்பம் எவ்வாறு பயன்படுகிறது என்பது நமக்களிக்கப்பட்ட பொருள். வெள்ளி விழா மேடைக்கு இது வறண்ட பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஓர் எல்லைக் கோடு நம்மைப் போன்ற மக்களை என்ன செய்யவல்லது என்பதை அறிந்தால் அக்கருத்து மாறும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்றொரு சிறு நகரம். கறுப்பின மக்களின் புகழ்பெற்ற கல்வி நிலையம் ஒன்று அங்கே உண்டு. 1957 வரை அந்நகரின் எல்லை சதுர வடிவினது. அவ்வாண்டு மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அச்சதுரத்தை 28 பக்கங்கள் கொண்ட கோணல் உருவமாக்கியது. ஏறத்தாழ 400 கறுப்பின வாக்காளருள் நால்வரோ ஐவரோ நீங்கலாக ஏனையோர் அனைவரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியேறவில்லை. எவரும் வீட்டை விட்டு நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. அங்குப் பேராசிரியராயிருந்த சார்லஸ் கோமிலியன் முதலானோர் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. 1960 நவம்பரில் உச்ச நீதிமன்றமோ, இக்குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படுமாயின் அச்சட்டம் நிலைக்காது என்று கூறி வழக்கை உயிர்ப்பித்தது. பழைய சதுரத்தையும் புதிய கோணலையும் காட்டும் படம் அத்தீர்ப்போடு இணைக்கப்பட்டுள்ளது. வாதங்கள் எத்தனையோ இருந்தன. கண்ணுக்குத் தெரிந்த சான்று அந்தப் படமே.

வஞ்சகம் இல்லாத இடத்திலும் கோடு பிழைபடும். அதே நாட்டின் வர்ஜீனியா மாநிலத்தில் 2017இல் நடந்த சட்டமன்றத் தேர்தலில், பிரெடெரிக்ஸ்பர்க் பகுதியில் 147 பேருக்கு வேறு தொகுதியின் வாக்குச்சீட்டு வழங்கப்பட்டது. அங்குள்ள 28ஆம் தொகுதியில் வெற்றி வேறுபாடு 73 வாக்குகளே! தெருப்பெயரையும் கதவெண் வரிசையையும் பட்டியலிட்டு, அப்பட்டியலைக் கொண்டு வாக்காளரைத் தொகுதிகளில் சேர்ப்பது பழைய முறை. கணினி வரைபட முறையில் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி; ஒவ்வொரு தொகுதியும் ஒரு மூடிய உருவம். புள்ளி எந்த உருவத்தினுள் விழுகிறது என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். பட்டியலோடு ஒத்துப் பார்த்தால் தவறிய பெயர்கள் தனித்துத் தெரியும். அந்நுட்பத்தின் சாரம் இவ்வளவுதான்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி பட்டியல் சாதியினர்க்கு மக்கள் தொகை விகிதத்தில் இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எந்த வார்டு தனி வார்டாகும் என்பதோ அவ்வார்டில் நம் மக்கள் எத்தனை விழுக்காடு என்பதைப் பொறுத்தது. ஆகவே ஒரு காலனியின் நடுவே கோடு சென்று அதனை இரு வார்டுகளாகப் பிளந்தால், இரண்டிலும் நாம் சிறுபான்மை. டஸ்கீகியில் நடந்தது அப்பட்டமானது. இது யாருக்கும் தெரியாமலே நடந்துவிடக்கூடியது. 2011 மக்கள் தொகைக் கணக்கின் அடிப்படையில் வார்டுகளை வரையறுக்கத் தமிழகத்தில் 2017இல் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. இத்தகைய வேளைகளில் வரைவு வெளியிட்டு ஆட்சேபம் கேட்பது வழக்கம். தெருப்பெயர்கள் நிறைந்த அந்தத் தாள்களைப் படித்து, கோடு எங்கே செல்கிறது என்று கண்டுகொள்பவர் நம்மில் எத்தனை பேர்?

வாக்குச்சாவடியும் அவ்வாறே. வாக்காளர் பொதுவாக 2 கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாகாது என்பது தேர்தல் ஆணைய நெறி. படத்தில் அளந்தால் தொலைவு சரியாகவே இருக்கும். ஆனால் அவ்வழி எந்தத் தெரு வழியாகப் போகிறது? இதற்காகவே அச்சுறுத்தலுக்கு இலக்காகக்கூடிய குடியிருப்புகளை முன்கூட்டிக் குறித்து வைக்கும் முறையையும் தேர்தல் ஆணையம் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு, குறிப்பவர் காலனிக்குள் வந்து கேட்டுக் குறித்தால்.

கருவியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவி நிலைகொள்ளவில்லை. அங்கே எல்லைக் கோட்டில் குழப்பம் ஏதுமில்லை. தலைவர் நாற்காலியில் யார் அமர்வது என்பதில்தான் ஆதிக்கம் முரண்டியது. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டதை எந்தக் கணினி தடுத்திருக்கும்? நுட்பம் வந்தால் நீதி வந்துவிடும் என்று நாம் கூறவில்லை.

எனினும் இளைஞர்களே, இக்கல்வி இன்று எட்டாக்கனி அன்று. க்யூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. கைபேசி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழி அறிந்து சொல்கிறது. கிராம வரைபடமும் புலப்படமும் வருவாய்த்துறையிடம் உள்ளன. காலனியின் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று புள்ளி குறியுங்கள். வார்டு எல்லையை அதன்மேல் வரையுங்கள். வாக்காளர் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஊருக்கு இரு மாணவரும் சில ஞாயிற்றுக்கிழமைகளும் போதும். அடுத்த வரைவு வெளிவரும்போது, "எங்கள் தெரு பிரிக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் எழுதாமல், சர்வே எண்ணும் வீடுகளின் எண்ணிக்கையும் குறித்து, படத்தையும் இணைத்து ஆட்சேபம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிச் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.