குறைந்து செல் விளைவு



பொருளியலில் 'குறைந்து செல் விளைவு விதி' என்றொன்று உண்டு. டேவிட் ரிக்கார்டோ தம் 1817ஆம் ஆண்டு நூலில் நிலத்தைக் கொண்டு இதனை விளக்கினார். ஒன்று மாறாது நிற்க, மற்றொன்றை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், புதிதாகக் கூட்டும் ஒவ்வொரு பங்கும் ஒரு கட்டத்திற்குப் பின் முன்னதைவிடக் குறைவாகவே பலன் தரும். குறைவது மொத்த விளைவு அன்று, கூடுதலாகக் கிடைப்பதே. இவ்வேறுபாட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நம் கோவை வட்டாரத்துக் கிணறுகளே இதற்குச் சான்று. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மெல்ல மெல்லக் கவலை மாடுகள் போய் மோட்டார் நின்றது. நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றை ஆழப்படுத்தினர். அப்பாறைகளை உடைத்த கைகளில் நம் பாட்டன்மார் கைகளும் உண்டு. இன்று ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடியையும் தாண்டுகிறது. மேலிருந்த ஐம்பது அடி தந்த நீரைக் கீழுள்ள ஐந்நூறு அடி பல தோட்டங்களில் தருவதில்லை. செலவோ அடிக்கு அடி ஏறுகிறது.

நம் சங்கத்தின் உதவிப் பணத்திற்கும் இது பொருந்தும். தொண்ணூறு மதிப்பெண் வாங்கும் மாணவனுக்கு மூன்றாவது டியூஷனும் வைத்தால் இரண்டு மதிப்பெண் ஏறலாம். பத்தாம் வகுப்போடு நூற்பாலைக்குப் போகவிருக்கும் பெண்ணுக்கு அதே தொகை இரண்டாண்டுப் படிப்பு. கல்லூரி வாசலில் அவ்விரண்டு மதிப்பெண்ணே பெரிது என்பாரும் உளர், அதுவும் மெய்யே. எனினும் அத்தகையோர் சிலர். நூற்பாலைக்குப் போவோர் பலர். பரிசளிப்பு விழாவின் கைதட்டல் இப்பெண்ணுக்குக் கிடைப்பதில்லை. வரும் ஜூன் மாதப் பட்டியலில் அவள் பெயரை முதலில் எழுத வேண்டுகிறோம்.