பல்லவன் பஸ் ஞாபகம் இருக்கா?

"ஓசி பஸ்ஸால போக்குவரத்துத் துறையே நஷ்டம்"னு ஃபார்வர்ட் பண்றவங்களுக்கு இந்த வரலாறைச் சொல்லுங்க.

சென்னையில் அரசு பஸ் 1947-லேயே வந்தாச்சு. மாவட்டங்களில் தனியார் ராஜ்ஜியம்தான். கலைஞர் ஆட்சியில் படிப்படியா நாட்டுடைமை. 1972-ல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன.

1997-ல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததும் தென்மாவட்டங்களில் சாதி மோதல். கழகங்களுக்கு இருந்த எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்ததும் கலைஞர்தான். (பல்லவன் போனதில் எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு இன்னும் வருத்தம்!)

2021 மே 7. பதவியேற்ற அன்றே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம்னு தளபதி கையெழுத்துப் போட்டார். எப்படி முடிஞ்சது? பஸ் அரசுகிட்ட இருந்ததால. தனியார் பஸ்ல ஏறி டிக்கெட் வேணாம்னு சொல்லிப் பாருங்க, அடுத்த ஸ்டாப்புலயே விசில்தான்!